அபினிப் பணமும் ஆஸ்பத்திரிக் கதவும்

டிசம்பர் 6 அன்று சைத்யபூமிக்குப் போய்வரும் தோழர்கள் தாதர் பகுதியில் ஒரு சாலையின் பெயரைக் கவனித்திருக்கலாம்: லேடி ஜாம்ஷெட்ஜி சாலை. பைகுலாவில் ஜே.ஜே. மருத்துவமனை, சி.எஸ்.டி. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி, முகமது அலி சாலைக்கு மேலே ஜே.ஜே. மேம்பாலம். எல்லாம் ஒரே குடும்பத்தின் பெயர். ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வணிகரும் அவருடைய மனைவி அவாபாயும்.

இவரை வள்ளல் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அபினி வியாபாரி என்று எழுதுகிறவர்களும் உண்டு. இரண்டும் உண்மைதான். எது சரி என்று பட்டிமன்றம் நடத்துவதில் நமக்கு ஆர்வமில்லை. உழைக்கிற, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடமிருந்து வருகிற நாம் கேட்க வேண்டியது வேறு. இந்தக் கொடைக்கான பணம் எங்கிருந்து வந்தது? கொடையாகக் கிடைத்தது எப்போது உரிமையாக மாறியது, யார் மாற்றினார்கள்?

ஜாம்ஷெட்ஜி 1783இல் பிறந்தார். குஜராத்தின் நவ்சாரியில் வளர்ந்தார். நெசவு செய்து பிழைத்த ஏழைக் குடும்பம். பதினாறு வயதுக்குள் தாய் தந்தை இருவரையும் இழந்து, பம்பாயில் இருந்த தாய்மாமனிடம் வந்து சேர்ந்தார். மாமனுக்குத் தொழில் காலி பாட்டில் வாங்கி விற்பது. அதனால் 'பாட்லிவாலா' என்ற பட்டப்பெயர் மருமகனுக்கும் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து சீனாவுக்குக் கப்பலேறினார். மொத்தம் ஐந்து பயணங்கள். நான்காவது பயணத்தில், 1805இல், 'பிரன்ஸ்விக்' என்ற கப்பலை இலங்கைக் கடற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். சிறைபிடிக்கப்பட்டவர்களை நன்னம்பிக்கை முனைக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கப்பலில் மருத்துவராக இருந்தவர் வில்லியம் ஜார்டின். பிற்காலத்தில் ஜார்டின் மாத்திசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் சீனாவுக்குள் அபினியைக் கொண்டு குவித்த அதே ஜார்டின்தான்.

முதலில் பருத்தியில் நல்ல லாபம். பிறகு அபினி. பம்பாயில் ஜாம்ஷெட்ஜிக்குக் கூட்டாளிகளாக இருந்தவர்களில் மோதிசந்த் அமிசந்த் சமணர், முகமது அலி ரோகே கொங்கணி முஸ்லிம், ரோஜேரியோ த ஃபாரியா கோவா கத்தோலிக்கர். ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடாத காலம் அது. லாபத்தில் மட்டும் சமபந்தி நடந்திருக்கிறது!

அந்த அபினி விளைந்த இடம் மால்வா. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியும் அதையொட்டிய ராஜஸ்தான் பகுதியும். வங்காளத்திலும் பீகாரிலும் அபினிச் சாகுபடி கிழக்கிந்தியக் கம்பெனியின் நேரடி ஏகபோகம். மால்வா சமஸ்தானங்களின் கையில் இருந்ததால் அங்கே சாகுகார்களின் ராஜ்யம். விதைப்புக்கு முன்பே முன்பணம், அதற்கு வட்டி, அறுவடை வந்ததும் அவர்கள் சொல்கிற விலை. கசகசாச் செடியின் காயைக் கீறி விட்டு, வடிந்து உறைந்த பாலை மறுநாள் காலையில் சுரண்டி எடுக்க வேண்டும். ஒரே காயைப் பலமுறை கீற வேண்டும். வயல் முழுக்க இடுப்பொடியும் வேலை. பம்பாய்த் துறைமுகத்தில் பெட்டிகளுக்குக் கணக்கு உண்டு. காயைக் கீறிய கைகளுக்குக் கணக்கு எழுதியவர் யார்?

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. மால்வா அபினி டாமன் வழியாகப் போர்த்துக்கீசியர் துறைமுகத்துக்குப் போவதைத் தடுக்க முடியாமல், 1830 வாக்கில் பம்பாய் வழியாகக் கொண்டுபோக அனுமதிச்சீட்டு கொடுத்து, பெட்டிக்கு இவ்வளவு என்று வரி போட்டது. 1835இல் பெட்டிக்கு 125 ரூபாய். சிந்துப் பகுதியை ஆங்கிலேயர் பிடித்து மாற்றுவழியை அடைத்த பிறகு ஏற்றிக்கொண்டே போய் 1847இல் 400 ரூபாய் ஆக்கினார்கள். வணிகருக்கு லாபம், அரசுக்கு வரி. விஷம் மட்டும் சீனத்து மக்களுக்கு.

1839இல் சீன அதிகாரி லின் சேஷு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அபினிப் பெட்டிகளைப் பறிமுதல் செய்து ஹூமென் கடற்கரையில் அழித்தார். அதைச் சாக்காக வைத்து பிரிட்டன் போர் தொடுத்தது. 1842 ஆகஸ்டில் நான்ஜிங் உடன்படிக்கை: ஹாங்காங் பறிபோனது, அழித்த அபினிக்கு நஷ்டஈடாகவே 60 லட்சம் டாலர் கட்டச் சொன்னார்கள். அதே 1842இல்தான் ஜாம்ஷெட்ஜிக்கு 'சர்' பட்டம். அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர். 1857இல், வட இந்தியா எரிந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், பரம்பரையாகத் தொடரும் 'பாரோனெட்' பட்டமும் வந்தது.

இப்போது கொடைக்கு வருவோம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1822இல் பம்பாய் சிறையில் கடன் கட்ட முடியாமல் அடைபட்டிருந்த ஏழைகளின் கடனைத் தன் பணத்தில் அடைத்து வெளியே கொண்டுவந்தார். மைதானத்தில் மாடு மேய்க்க அரசு கட்டணம் விதித்து, கட்டாதவர்களின் மாடுகளைப் பிடித்துப் பட்டியில் அடைத்தபோது, தாக்குர்துவார் பக்கம் நிலம் வாங்கி இலவச மேய்ச்சலுக்கு விட்டார். சர்னி ரோடு ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் இந்த மேய்ச்சல் நிலத்தால் வந்தது என்பார்கள்.

மாகிம் கதை இன்னும் கவனிக்க வேண்டியது. மாகிமுக்கும் பாந்திராவுக்கும் நடுவே இருந்த கழிமுகத்தைப் படகில்தான் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து உயிர்கள் போயின. கம்பெனி அரசு பாதை போட மறுத்துவிட்டது. அவாபாய் 1,57,000 ரூபாய் கொடுத்தார். ஒரு நிபந்தனையோடு: கடந்து போகிறவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது. 1845இல் பாதை திறந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போய் தாராவியில் தோல் பதனிடும் வேலையில் வாழ்ந்த நம் மக்களின் குடிசைகள் எழுந்ததும் இதே மாகிம் கழிமுகத்தை ஒட்டித்தான்.

அந்த நிபந்தனையை எழுதிய அம்மாவை நாம் மதிக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஏழைகளின் மாட்டுக்கும் படகுக்கும் உயிருக்கும் பொறுப்பேற்க வேண்டிய அரசு, அபினியில் பெட்டிக்கு 125 ரூபாய் வாங்கிக்கொண்டு கையை விரிக்கிறது. அந்த இடத்தை ஒரு பணக்காரரின் இரக்கம் நிரப்புகிறது. இரக்கம் வராவிட்டால்? மருத்துவமனைக்கு ஜாம்ஷெட்ஜி ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னபோது, அரசும் அதே அளவு போட வேண்டும் என்று கேட்டார். கெட்டிக்காரர். 1845இல் திறந்த அந்த மருத்துவமனையில் ஆரம்பத்திலிருந்தே மக்களின் வரிப்பணம் கலந்திருக்கிறது. வாசலில் பெயர் மட்டும் ஒருவருடையது.

அவர் 1859இல் இறந்தார். கொடை தானாக உரிமை ஆகிவிடாது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தது அதற்குப் பின்னால் வந்த நூற்றாண்டு.

1917இல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்குப் போன பாபாசாகேப் அம்பேத்கருக்குத் தங்க இடம் இல்லை. பார்சி மதத்தில் தீண்டாமை இல்லையே என்று நம்பி ஒரு பார்சி விடுதியில், பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு வந்த பார்சிகள் மிரட்டி வெளியேற்றினார்கள். மதத்தில் இல்லாத தீண்டாமை ஊரில் இருந்தது. அதே பாபாசாகேப் மேற்படிப்பை முடிக்க 1920இல் லண்டன் திரும்பியபோது பணம் கடன் கொடுத்துத் தோள்கொடுத்தவர் நவல் பத்தேனா, அவரும் பார்சிதான். ஆகவே ஒரு சமூகத்தையே நல்லது கெட்டது என்று முத்திரை குத்துவது நம் வேலையல்ல. தனிமனிதரின் நல்ல மனதை நம்பி ஒரு மக்கள் கூட்டம் வாழ முடியாது என்பதே இதில் நாம் பார்ப்பது.

மால்வாவையும் மறக்க வேண்டாம். 'சாதி ஒழிப்பு' நூலில் பாபாசாகேப் இந்தோர்ப் பகுதியின் பலாய் மக்களுக்கு 1928இல் ஆதிக்க சாதிகள் போட்ட கட்டளைகளை எடுத்துக்காட்டுகிறார். ஜரிகைத் தலைப்பாகை கூடாது, வண்ணக்கரை வேட்டி கூடாது, பெண்கள் நகை போடக் கூடாது, கூலி கேட்காமல் வேலை செய்ய வேண்டும். அபினிப் பணம் துறைமுகத்தில் பளிங்குக் கட்டடமாக எழுந்து எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விளைந்த பகுதியின் நிலைமை இது.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசுப் பணத்தில் கட்டி, பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, நீதிமன்றம், மருந்தகம் எல்லாவற்றையும் தீண்டப்படாத வகுப்பினர் பயன்படுத்தலாம் என்றது அது. அதை நடைமுறையில் காட்டத்தான் 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்துத் தண்ணீரை நம் மக்கள் அள்ளிக் குடித்தார்கள். ஆதிக்க சாதியினர் என்ன செய்தார்கள்? அது பொதுக்குளமே இல்லை, தனியார் சொத்து என்று வழக்குப் போட்டார்கள். பத்து ஆண்டுகள் இழுத்து, 1937இல்தான் உயர் நீதிமன்றத்தில் நாம் வென்றோம்.

அந்த வழக்கை மனதில் வைத்துக்கொண்டு அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவைப் படியுங்கள். கிணறு, குளம், படித்துறை, சாலை, பொது இடங்கள் ஆகியவற்றை யாருக்கும் சாதி சொல்லி மறுக்கக் கூடாது என்கிறது. எவற்றை? முழுமையாகவோ ஓரளவோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படுபவற்றை. அதோடு, பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று அர்ப்பணிக்கப்பட்டவற்றையும். இந்தக் கடைசிப் பகுதியை நம் தோழர்கள் பலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பொதுமக்களுக்கென்று வள்ளல்கள் வெட்டிய குளத்தையும் போட்ட பாதையையும் நம் உரிமைக்குள் கொண்டுவந்தது அதுதான். கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கலாம், வழிமறிக்கும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

ஜே.ஜே. மருத்துவமனையை இன்று நடத்துவது மகாராஷ்டிர அரசு. பெயரை மாற்று என்று நாம் கேட்கவில்லை. அங்கே படுக்கையும் மருந்தும் குறைந்தால் கேள்வி கேட்க வேண்டியது ஜாம்ஷெட்ஜியின் வாரிசுகளை அல்ல, மந்திராலயாவை.