குடலின் கடைமடை: ரத்தம் திரும்பும்போது நேரும் கேடு

காரைக்கால் பகுதியில் உள்ள கோட்டுச்சேரி விவசாயிகளுக்குக் கடைமடை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம் அது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வதும் அந்த வயல்கள்தான். நம் வயிற்றுக்குள்ளும் இப்படி ஒரு கடைமடை இருக்கிறது!

சிறுகுடலின் உட்சுவரில் லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். ரத்தம் அடியிலிருந்து நுனிக்கு ஏறி, பிறகு இறங்குகிறது. ஏறும் குழாயும் இறங்கும் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஆக்ஸிஜனில் ஒரு பகுதி நுனியை எட்டாமல் வழியிலேயே கசிந்துவிடுகிறது. எனவே ரத்த ஓட்டம் தடைப்பட்டால் முதலில் சாவது நுனியில் உள்ள செல்கள்தான்.

காய்ந்த வயலுக்குத் தண்ணீர் வந்தால் பயிர் பிழைக்கும். குடலும் அப்படித்தான், அடைப்பை நீக்கி ரத்தத்தை விட்டால் போதும் என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. அந்த எண்ணம் எப்படி மாறியது என்பதே இந்த வரலாறு.

அது தொடங்கியது குடலில் அல்ல, பாலில்! அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இர்வின் ஃப்ரிடோவிச்சும் அவரது மாணவர் ஜோ மெக்கார்டும் பாலில் இருந்து எடுத்த சாந்தைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியை ஆராய்ந்தார்கள். அது வேலை செய்யும்போது சூப்பர் ஆக்ஸைடு என்ற ஃப்ரீ ராடிக்கல் உண்டாவதைக் கண்டார்கள். 1969-ல், அந்த சூப்பர் ஆக்ஸைடை அழிக்கும் நொதி ரத்தத்திலேயே இருப்பதையும் கண்டுபிடித்தார்கள். 1938-லேயே பிரித்தெடுக்கப்பட்டு, என்ன வேலை செய்கிறது என்றே தெரியாமல் கிடந்த ஒரு தாமிரப் புரதம்தான் அது. சூப்பர் ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். உடல் தனக்குத்தானே தயாரித்துக்கொள்ளும் ஆன்டி ஆக்ஸிடன்ட் அது.

குடல் இந்தக் கதைக்குள் வந்தது 1981-ல். நீல் கிரேஞ்சர், மெக்கார்டு ஆகியோரின் குழு பூனைகளின் குடலில் ரத்த ஓட்டத்தைக் குறைத்து, பிறகு மீண்டும் திறந்துவிட்டது. தந்துகிகள் கசியத் தொடங்கின. டிஸ்மியூட்டேஸ் கொடுத்த பூனைகளில் அந்தக் கசிவு குறைந்தது. அப்படியானால் கேட்டைச் செய்வது ஆக்ஸிஜன் பஞ்சம் மட்டும் அல்ல, திரும்பி வரும் ஆக்ஸிஜனும்தான்! 1986-ல் பார்க்ஸும் கிரேஞ்சரும் இதை இன்னும் தெளிவாகக் காட்டினார்கள். 4 மணி நேரம் ரத்தம் தடைப்பட்ட குடலைவிட, 3 மணி நேரம் தடைப்பட்டு 1 மணி நேரம் ரத்தம் திரும்பிய குடல் மோசமாகச் சிதைந்திருந்தது.

காரணம் இதுதான். ஆக்ஸிஜன் இல்லாதபோது செல்லின் எரிசக்தியான ஏ.டி.பி. சிதைந்து ஹைப்போசாந்தைன் என்ற பொருளாகத் தேங்குகிறது. ரத்தம் திரும்பியதும் சாந்தைன் ஆக்ஸிடேஸ் அதையும் புதிய ஆக்ஸிஜனையும் சேர்த்து சூப்பர் ஆக்ஸைடை உண்டாக்குகிறது. குடல் சுவரில் இந்த நொதி மிக அதிகம். கெர்ட்ரூட் எலியன் குழுவினர் உருவாக்கி, மூட்டுவலி தரும் கௌட் நோய்க்குப் பயன்பட்டு வந்த அலோபியூரினால் மருந்து இந்த நொதியைத் தடுக்கும். அது விலங்குகளின் குடலையும் காத்தது.

இந்த வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பக்கம் உண்டு. 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் பரவியது. அதை ஆராய்ந்ததன் மூலம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி குடல் ஆராய்ச்சியில் பெயர் பெற்றது. அங்கே 1990-களில் உயிர்வேதியியலாளர் கே.ஏ. பாலசுப்பிரமணியனின் குழு எலிகளின் குடலில் ரத்தத்தை நிறுத்தித் திறந்து, செல்களையும் அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவையும் சோதித்தது. அடுத்து அவர்கள் கேட்ட கேள்விதான் புதுமையானது. ரத்தத்தை நிறுத்தவே வேண்டாம்; அறுவைச் சிகிச்சையில் செய்வதுபோல வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும்?

1999-ல் பதில் வெளிவந்தது. வெறுமனே தொட்டதற்கே குடலில் ஃப்ரீ ராடிக்கல்கள் உண்டாகிச் செல்கள் பாதிக்கப்பட்டன.   இதிலும் சாந்தைன் ஆக்ஸிடேஸுக்குப் பங்கு இருப்பதை 2000-ல் காட்டினார்கள். முன்கூட்டியே உடலுக்கு வெப்பம் கொடுப்பதும், வாய்வழியாகக் குளுட்டமின் கொடுப்பதும் எலிகளின் குடலைக் காப்பதாக 2003-ல் எழுதினார்கள். குடலை எவ்வளவு மென்மையாகக் கையாள வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் ஆன்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை போதுமா? போதாது. எலியிலும் பூனையிலும் கிடைத்த வெற்றி மனிதரில் அப்படியே கிடைக்கவில்லை. குடல் தமனி அடைத்துக்கொண்டவருக்கு இன்றும் நிலைபெற்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் மருந்து கிடையாது. சோதனையில் டிஸ்மியூட்டேஸும் அலோபியூரினாலும் முன்கூட்டியே கொடுக்கப்பட்டன. நோயாளியோ அடைப்பு ஏற்பட்டுப் பல மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். முன்கூட்டியே தயாராக முடிகிற ஓர் இடத்தில் மட்டும் இந்த அறிவு பயன்பட்டது. 1980-களின் பிற்பகுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உருவாக்கிய, மாற்று உறுப்புகளைக் கெடாமல் வைக்கும் திரவத்தில் அலோபியூரினாலும் குளுட்டத்தயோனும் சேர்க்கப்பட்டன.

ஆகவே இன்றும் பெரிய மருந்து நேரம்தான். திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி. தொட்டுப் பார்த்தால் வயிறு மென்மையாகவே இருக்கும். முக்கியமாக, இதயத் துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கு இது குடல் தமனி அடைப்பாக இருக்கலாம். வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்தால் நேரம் போய்விடும். இந்நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இன்றும் இறக்கிறார்கள்.

தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, பயிர் காயும் முன் வர வேண்டும். கடைமடை விவசாயிக்குத் தெரிந்த இந்த உண்மையைத்தான் விஞ்ஞானம் பூனையிலும் எலியிலும் தேடிக் கண்டறிந்திருக்கிறது.