அரசனுக்கும் காட்டாத ஏடு

தென்கொரியாவில் ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன் என்றால் நம்மவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "அங்கேயும் அம்மா, அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாமே?" என்பதுதான். உண்மைதான். 'ஒம்மா', 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தவை வேறு இரண்டு சொற்கள். நமக்கு முன்னால் சேர்ந்தவர் 'சொன்பே', பின்னால் சேர்ந்தவர் 'ஹூபே'. ஒரே ஒரு வருடம் முன்னால் வந்தவர் என்றாலும் சொன்பே சொன்பேதான்.

புதிதாக யாரைப் பார்த்தாலும் சீக்கிரமே வயதைக் கேட்டுவிடுகிறார்கள். முதலில் எனக்கு இது விநோதமாக இருந்தது. கொரிய மொழி கொஞ்சம் பழகியதும்தான் காரணம் புரிந்தது. எதிரில் இருப்பவர் பெரியவரா சின்னவரா என்று தெரியாமல் அங்கே ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது. நம்முடைய 'வா', 'வாங்க' போலத்தான், ஆனால் இன்னும் பல படிகள் உண்டு. ஆய்வுக்கூடத்தார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவதற்கு 'ஹ்வேஷிக்' என்று பெயர். அங்கே பெரியவருக்கு இரண்டு கையாலும் ஊற்ற வேண்டும். சின்னவர் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். வாரக் கூட்டத்தில் பேராசிரியர் பேசினால் மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். குறுக்கே கேள்வி கேட்பது அபூர்வம்.

இந்த வரிசைமுறையைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கருவியை இயக்குவதில் இருந்து விசா அலுவலகத்தில் படிவம் நிரப்புவது வரை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் சொன்பேக்கள்தான். கொரிய அறிவியல் இவ்வளவு வேகமாக வளர்ந்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

1953-இல் போர் ஓய்ந்தபோது நாடு சாம்பலாகக் கிடந்தது. அதிபர் பார்க் சுங் ஹீ காலத்தில், 1966-இல், அமெரிக்க உதவியோடு 'கிஸ்ட்' என்ற ஆராய்ச்சி நிலையம் சியோலில் தொடங்கியது. வியட்நாம் போருக்குக் கொரியா படை அனுப்பிய காலம் அது. அந்த உதவிக்குப் பின்னால் அதுவும் இருந்தது. முதல் தலைவர் சோய் ஹியுங்-சப், வெளிநாடுகளில் வேலை பார்த்த கொரிய விஞ்ஞானிகளைத் தேடிப்பிடித்துத் திரும்ப அழைத்தார். 1971-இல் உயர்கல்விக்கென்று ஒரு தனி அறிவியல் நிறுவனம் வந்தது. அதுதான் இன்றைய 'கைஸ்ட்'. 1973-இல் தேஜான் நகருக்குப் பக்கத்தில் தேதொக் அறிவியல் நகரத் திட்டம் தொடங்கியது. இன்று நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் ஆராய்ச்சிக்குப் போகிறது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் இது ஒன்று. மேலே இருப்பவர் சொன்னார், கீழே இருப்பவர் இரவு பகலாகச் செய்தார். வேலை நடந்தது.

சரி, மேலே இருப்பவர் தப்பு செய்தால்?

2004-லும் 2005-லும் சியோல் தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவை நகலாக்கி அதிலிருந்து குருத்தணுக்களை எடுத்துவிட்டதாக 'சயின்ஸ்' இதழில் எழுதினார். அவர் பெயரைச் சொல்லி நாடே கொண்டாடியது. அவருடைய சாதனைக்குத் தபால்தலைகூட வெளிவந்தது. அந்தக் கூடத்தில் முன்பு வேலை பார்த்த ஓர் இளம் ஆய்வாளர், எம்.பி.சி தொலைக்காட்சிக்குத் தகவல் கொடுத்தார். தன் கூடத்துப் பெண் ஆய்வாளர்களே கருமுட்டை கொடுத்திருந்ததை 2005 நவம்பரில் ஹ்வாங் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பேராசிரியரை மறுத்துப் பேசப் பழகாத ஒரு கூடத்தில், 'விருப்பப்பட்டுக் கொடுத்தார்கள்' என்பதற்கு என்ன அர்த்தம், யோசித்துப் பாருங்கள்.

அப்போதும் மக்கள் கோபம் ஹ்வாங் மேல் திரும்பவில்லை, தொலைக்காட்சி மேல்தான் பாய்ந்தது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். நிலையத்தின் வாசலில் போராட்டம் நடந்தது. ஆனால் டிசம்பரில் இளம் உயிரியலாளர்கள் கூடும் ஓர் இணையதளத்தில், வெவ்வேறு அணுக்கள் என்று கட்டுரையில் காட்டிய படங்களில் சில ஒரே படம்தான் என்று பெயர் சொல்லாத ஒருவர் எடுத்துப்போட்டார். 2006 ஜனவரியில், இரண்டு கட்டுரைகளிலும் இருந்த தரவு புனையப்பட்டது என்று பல்கலைக்கழகக் குழு அறிவித்தது. மூத்தவர் சொன்ன பொய்யை ஹூபேக்கள்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

இதைப் பலர் 'பழைய கன்ஃபூசியப் பண்பாட்டுக்கு எதிராக இளைஞர்கள் எழுந்தார்கள்' என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூத்தவரைக் கும்பிட்ட அதே பண்பாடு, மூத்தவர் செய்ததை இளையவர் எழுதிவைக்கவும் இடம் கொடுத்திருந்தது.

ஜோசன் அரசர்கள் காலத்தில் 'சாகுவான்' என்று வரலாற்றுக் குறிப்பாளர்கள் இருந்தார்கள். பதவியில் சின்னவர்கள், பெரும்பாலும் இளைஞர்கள். அரசன் இருக்கும் இடமெல்லாம் கூடவே உட்கார்ந்து எழுதுவது அவர்கள் வேலை. அந்தக் குறிப்புகளுக்கு 'சாச்சோ' என்று பெயர். அரசன் இறந்தபிறகுதான் அவற்றைத் திரட்டி வரலாறு தொகுப்பார்கள். அரசனே கேட்டாலும் காட்டக்கூடாது. 1404-இல் அரசர் தேஜோங் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டார். எழுந்ததும் அவர் சொன்ன முதல் விஷயம், இது சாகுவானுக்குத் தெரியக்கூடாது என்பது. அவர் விழுந்ததோடு, அப்படிச் சொன்னதும் சேர்ந்து ஏட்டில் பதிவாகியிருக்கிறது! அவருடைய மகன்தான் ஹங்குல் எழுத்தை உருவாக்கிய சேஜோங். தந்தையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க அவருக்கு ஆசை. அமைச்சர்கள் கூடாது என்றார்கள். அவரும் விட்டுவிட்டார்.

எல்லா அரசர்களும் சேஜோங் அல்ல. 1498-இல் அரசன் யோன்சங்குன், கிம் இல்-சொன் என்ற சாகுவான் எழுதிய குறிப்புக்காக அவரைக் கொன்றான். ஆனாலும் எழுதுவது நிற்கவில்லை. 25 அரசர்கள், 472 வருடங்கள், 1,893 தொகுதிகள். 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது நான்கு இடங்களில் வைத்திருந்த பிரதிகளில் மூன்று அழிந்தன. ஜொன்ஜுவில் இருந்த ஒன்றை மட்டும் ஆன் உய், சொன் ஹொங்-ரொக் என்ற இரண்டு அறிஞர்கள் மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றினார்கள். 1997-இல் யுனெஸ்கோ இந்த 'சில்லோக்' வரலாற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

எங்கள் கூடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆய்வுக் குறிப்பேடு உண்டு. பக்க எண் அச்சிட்டது, தாளைக் கிழிக்க முடியாது. பேனாவில்தான் எழுதவேண்டும். தவறு வந்தால் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும். போன வருடம் என் அளவீடு ஒன்று சொன்பேயின் வரைபடத்தோடு சேரவில்லை. மூன்று முறை எடுத்தும் அதே எண்தான் வந்தது. சாப்பிட்டு வந்தபிறகு குறிப்பேட்டை அவரிடமே காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அப்படியே இருக்கட்டும் என்று சொல்லி, அடியில் சாட்சிக் கையெழுத்தும் தேதியும் போட்டார். அடுத்த வாரக் கூட்டத்தில் அதை அவரே எடுத்துச் சொன்னார். இரண்டு பேரும் மரியாதை வினைமுடிவுகளில்தான் பேசிக்கொண்டோம், அதில் எதுவும் குறையவில்லை.

பெரியவருக்கு இரண்டு கையால் ஊற்றுவதும், அவருக்குப் பிடிக்காத எண்ணை மையால் எழுதுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதுதான் கொரியாவில் நான் கற்றது. முதலாவதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். இரண்டாவதற்கு ஏடும், அதைக் காப்பாற்றும் ஒரு விதியும் வேண்டியிருக்கிறது.

சியோல் போனால் அரண்மனைகளோடு திரும்பிவிடாமல் சேகொம்ஜோங் ஓடையையும் பாருங்கள். வரலாறு தொகுத்து முடித்ததும் சாச்சோ தாள்களின் மையைக் கழுவிய இடம் அது. யார் எதை எழுதினார் என்பது யாருக்கும் தெரியாமல் போகட்டும் என்றுதான்.