கிண்டிக் கல்லூரியில் புகுந்த முதற் பெண்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்ததும், நம் ரங்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு எழுவது வழக்கம். பிள்ளையைப் பொறியியலுக்கோ கணிப்பொறிக் கல்விக்கோ அனுப்புவதானால் எங்கே அனுப்புவது? இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள போர்ட் பிளேரில் அம்பேத்கர் பெயரிலமைந்த தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அதற்கப்பால் கடல், கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் சென்றால் சென்னை. கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு என்று பெரியவர்கள் கணக்குப் பார்க்கின்றனர். சென்ற இடத்தில் பிள்ளைக்கு யார் துணை, படித்து முடித்தபின் தொழிலுக்கு வழி சொல்வார் யார் என்று கேட்போர் சிலரே. எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே இக்கேள்வியைக் கேட்ட தந்தை ஒருவர் இருந்தார். அவ்வரலாற்றை நம் அன்பர்கள் அறிதல் நன்று.

கிண்டிப் பொறியியற் கல்லூரி 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தோன்றி வளர்ந்த பழம்பெருங் கல்லூரி. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் அதன் வகுப்புகளில் ஆடவரே அமர்ந்திருந்தனர். 1940-ஆம் ஆண்டையொட்டி அங்கே மின்பொறியியற் பேராசிரியராக விளங்கியவர் பப்பு சுப்பாராவ். அவர்தம் மகள் லலிதா 1919-இல் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் மணம். பதினெட்டாம் வயதில் கைம்மை. கையில் நான்கு மாதக் குழந்தை. அந்நாளில் இளங் கைம்பெண்களின் நிலை எத்தகையது என்பதைப் பாட்டிமார் வாயிலாகக் கேட்டறியாதார் நம்மில் இலர். லலிதாவோ மூலையில் முடங்கவில்லை. இராணி மேரிக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார். மருத்துவம் பயிலும் எண்ணம் இருந்தது. ஆயினும் நள்ளிரவிலும் அழைப்பு வரும் தொழில் அது, குழந்தை தாயின்றித் தவிக்கும் என்று விடுத்தார். தந்தையும் உடன்பிறந்தாரும் சென்ற பொறியியல் வழியையே தாமும் தேர்ந்தார். கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டாதமும் இசைவளித்தனர்.

இடம் கிடைத்துவிட்டது. ஆயின் நூற்றுக்கணக்கான ஆண்மாணவர் நடுவே அவர் ஒருவரே பெண். விடுதியில் தங்கிப் பயின்ற அவரைத் தனிமை வாட்டியது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வா என்று அழைக்கும் தந்தையரே அக்காலத்தில் மிகுதி. சுப்பாராவ் அவ்வாறு செய்யவில்லை. பெண்களும் சேரலாம் என்று கல்லூரியே விளம்பரம் வெளியிடும்படி செய்தார். அதன் பயனாக லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் மலையாள நாட்டுப் பெண்கள் இருவர் சிவில் பொறியியல் வகுப்பில் வந்து சேர்ந்தனர். பேராசிரியர் மகள் என்பதால் கிடைத்த சலுகைதானே என்று சிலர் கூறலாம். சலுகைதான், மறுப்பதற்கில்லை. எனினும் தம் மகளுக்குக் கிடைத்ததைப் பிறர் மகளிர்க்கும் ஆக்கிவைத்த தகைமையை என்னென்பது! இவ்வரலாற்றில் என் உள்ளத்தைக் கவர்ந்தது அவ்விளம்பரமே.

உலகப்போர்க் காலமாதலின் படிப்புக் காலம் குறைக்கப்பட்டது. முன்பின்னாகச் சேர்ந்த மூவரும் ஒரே சமயத்தில் பட்டம் பெற்றனர். பட்டத்தாளில் 'அவன்' என்னும் பொருள்பட அச்சிட்டிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு, 'அவள்' என்று கையால் எழுதித் தந்தனராம். அச்சடித்தோர் பெண்ணொருத்தி வருவாள் என்று கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்!

லலிதா செய்முறைப் பயிற்சி பெற்றது பீகாரிலுள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில். 1862-இல் தோன்றிய அப்பணிமனையின் உலைக்களத்து நெருப்புக்கும் இரும்போசைக்கும் இடையே ஓராண்டு பயின்றார். ரயிலே ஓடாத தீவிலிருந்து சென்று ரயில்வேயில் எழுத்தனாக இருக்கும் எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதாகும். பின்னர்ச் சிம்லாவில் அரசுப்பணி. சிறிது காலம் தந்தையின் ஆராய்ச்சிகளுக்குத் துணை. 1948 முதல் கல்கத்தாவில் ஒரு மின்பொறிக் குழுமத்தில் மின்கடத்தும் தடங்களையும் துணைமின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணையின் மின்பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியியலார், அறிவியலார் மாநாட்டில் கலந்துகொண்டார். 1979-இல் மறைந்தார். திரேசியா கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, 1971-இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். இந்தியாவிலேயே அப்பதவியை எய்திய முதற் பெண்மணி அவரே. லீலாம்மா திருவிதாங்கூர்ப் பொதுப்பணித் துறையிற் பணியாற்றினார்.

இன்று தமிழ்நாட்டில் அரசே இவ்வகைத் துணையை மேற்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. வேலைக்கேற்ற பயிற்சி தரும் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் தொடங்கியது. நம் தீவுப் பிள்ளைகள் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிற் பயின்றவரல்லர். அவ்வொதுக்கீடு அவர்க்குக் கிட்டாது. எனவே நம்மவர்க்கு நாமே துணையாதல் வேண்டும்.

அதற்கு வழியும் இல்லாமலில்லை. 2020 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட கடலடிக் கம்பிவடம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீண்டு, ரங்கத்தையும் தொடுகிறது. சென்னையில் இருப்பாரோடு இங்கிருந்தே முகம் பார்த்துப் பேசலாம். யாரோடு பேசுவது என்பதுதான் தெரியவேண்டும். நம் காலனியிலிருந்து முன்னரே சென்று, பொறியியலோ கணிப்பொறியோ பயின்று பணியிலமர்ந்தோரின் பெயர், கல்லூரி, தொழில், தொலைபேசி எண் ஆகியவற்றை அவர்தம் இசைவோடு சங்கத்து ஏட்டில் எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு கப்பலேறும் பிள்ளை சென்னைத் துறைமுகத்தில் இறங்கும்போது, அழைத்துச் செல்ல நம்மவர் ஒருவரேனும் வந்து நிற்பார். செயலாளர் ஏட்டைத் திறப்பாராயின், என் உறவினர் பிள்ளைகள் இருவரைக் கேட்டு, அவர்கள் பெயரை முதலில் நானே எழுதித் தருகிறேன்.