படகின் உட்பக்கம்

போன வருடம் பல வார இறுதிகளை லுமுட்டில், ஒரு பழைய பைபர் படகின் வயிற்றுக்குள் கழித்தேன். பல்கலைக்கழக நண்பன் மலிவாக வாங்கிய 28 அடிப் பாய்மரப் படகு. 1970களில் கட்டியது. மெக்கானிக்கல் படித்தவன் என்று என்னைத் துணைக்கு அழைத்தான். படிப்புக்கும் இந்த வேலைக்கும் பெரிய சம்பந்தமில்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

வெளி ஓடு திடமாக இருந்தது. கெட்டுப்போனதெல்லாம் உள்ளிருந்த மரம். குறுக்குத் தடுப்பாக நின்ற ப்ளைவுட்டின் அடிப்பாகத்தை விரலால் குத்தினால் கேக் மாதிரி உதிர்ந்தது. அந்தத் தடுப்புகள் அறை பிரிக்க மட்டுமல்ல, ஓடு முறுக்கிக்கொள்ளாமல் தாங்குவதும் அவைதான். பலகையை ஓட்டோடு பிணைத்திருந்த கண்ணாடித் துணியை அறுத்தெடுத்து, பழைய பிசினை கிரைண்டரால் தேய்த்து, புதுப் பலகையை எபோக்ஸி வைத்து ஒட்டினோம். பழைய பாலியெஸ்டர்மேல் புது பாலியெஸ்டரைவிட எபோக்ஸி நன்றாகப் பிடிக்கும். ஆனால் நம்மூர் ஈரக்காற்றில் அது இறுகும்போது மேலே மெழுகு போலப் படலம் கட்டும். கழுவாமல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்து வந்துவிடும். இரண்டு முறை அனுபவப்பட்டுக் கற்றுக்கொண்டோம்.

இந்தப் பொருளின் வரலாற்றைத் தேடினால் சில பெயர்கள் கிடைக்கும். 1932-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் டேல் கிளைஸ்ட் என்பவர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயன்றபோது, உருகிய கண்ணாடி காற்றில் சிதறி மெல்லிய இழைகளானது. 1942-இல் அதே மாநிலத்தின் டொலிடோ நகரில் ரே கிரீன் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்து ஒரு சிறு படகு செய்தார். 1959 நியூயார்க் படகுக் கண்காட்சியில் பியர்சன் குடும்பத்தின் 'டிரைட்டன்' வந்தது. கார்ல் ஆல்பர்க் வரைந்த 28 அடிப் படகு, விலை பத்தாயிரம் டாலருக்கும் கீழே. 1967க்குள் 700க்கும் மேல் கட்டினார்கள். மரப்படகுக்குத் தேர்ந்த தச்சர்கள் வேண்டும். இங்கே ஓர் அச்சு போதும், ஒரே ஓட்டைத் திரும்பத் திரும்ப எடுக்கலாம். சாதாரணச் சம்பளக்காரனுக்கும் கடல் கிட்டத்தில் வந்தது.

ஆனால் அச்சு தானாகப் படகு போடாது. அச்சில் மெழுகு தேய்த்து, நிறப்பூச்சு அடித்து, கண்ணாடித் துணியை அடுக்கடுக்காக விரித்து, பிசின் ஊற்றி, காற்றுக்குமிழி வெளியேற ரோலர் ஓட்ட ஆட்கள் வேண்டும். அச்சைத் தொட்டிருந்த வெளிப்பக்கம் பளபளக்கும். உட்பக்கத்தில் அந்த ஆட்களின் கை அப்படியே நிற்கும்.

இது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததில்லை. நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அப்பா கிள்ளானில் ஒரு பைபர் பட்டறையில் இருந்தார். அரிப்புக்குப் பயந்து உடம்பெல்லாம் பவுடர் கொட்டிக்கொண்டு போவார். மாஸ்க் கிடையாது, முகத்தில் ஒரு துண்டு. அவர் சட்டையில் இருந்த இனிப்பான நெடிதான் ஸ்டைரீன் என்று பிறகுதான் தெரியும். 2018-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் அதைச் சேர்த்தது. அப்பா அதற்குப் பல வருடம் முன்பே வேலையை விட்டிருந்தார். இப்போது படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. பிசினாலா சிகரெட்டாலா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

இரட்டை வடிகட்டி மாஸ்க் போட்டுக்கொண்டு கிரைண்டர் பிடித்தபோதெல்லாம் அந்தத் துண்டு ஞாபகம் வந்தது.

ஒரு ஞாயிறு இரவு, தேய்த்து முடித்த உட்சுவரின் படத்தைப் போனில் காட்டினேன். அப்பா கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ரெண்டு ஆள் வேலைடா. இந்தப் பக்கம் ஆளு நிதானம், ரோலர் ஒழுங்கா ஓடியிருக்கு. அந்தப் பக்கம் பாரு, பிசின் தேங்கியிருக்கு. டப்பாவுல இறுகறதுக்குள்ள ஊத்திட்டுப் போவோம்னு ஊத்தியிருக்கான்."

"தப்பான வேலையாப்பா?"

"அம்பது வருசம் மிதந்திருக்குல்ல?"

உள்சுவர் முழுக்க மெல்லிய பலகை அடித்து மறைப்பதாகத் திட்டம். படுக்கைக்குக் கீழே, அந்த இரண்டு ஆட்களும் சந்தித்த இடத்தை மட்டும் மூட வேண்டாம் என்று நண்பனிடம் கேட்டேன். சாமான் வைக்கும் இடம்தானே, இருக்கட்டும் என்றான்.