தேர்வுக் கட்டணமும் ஆய்வுத் துறையும்: சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரவு செலவு வரலாறு

1858இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியபோது பட்டம் பெற்றவர்கள் இருவர்: சி. வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார். பல்கலைக்கழகத்தின் வகுப்பறையில் அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார அங்கே வகுப்பறையே கிடையாது. லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து 1857 செப்டம்பர் 5ஆம் தேதி உருவான அமைப்பு அது. பாடம் சொல்வது கல்லூரிகளின் பொறுப்பு. தேர்வு வைத்துப் பட்டம் தருவது மட்டுமே பல்கலைக்கழகத்தின் பொறுப்பு.

எப்படிப் பிறந்ததோ அப்படியே பிழைக்கவும் செய்தது. 1857ஆம் ஆண்டின் 27ஆம் சட்டப்படி, வசூலாகும் கட்டணம் எல்லாம் ஒரே பொதுக் கட்டண நிதியில் சேரவேண்டும். செலவுகள் அந்த நிதியிலிருந்தே நடக்கவேண்டும். வரவு செலவுக் கணக்கை ஆண்டுக்கொரு முறை அரசின் தணிக்கைக்கு வைக்கவேண்டும். தேர்வு எழுதுகிறவர் தரும் பணம், அதை மேற்பார்க்கும் அரசு என்ற அந்த ஏற்பாட்டின் சாயல் இன்றும் போகவில்லை. பல்கலைக்கழகத்தின் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகின. அவற்றுக்கு ஈடாக நிலையான வருமானம் பெருகவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிதி வரலாற்றை இந்த இடைவெளியின் வரலாறாகவே படிக்கலாம்.

தேர்வு நடத்துவதோடு நின்ற காலத்தில் சிக்கல் இல்லை. செலவு குறைவு, மெட்ரிகுலேஷன் தேர்வு எழுத ஆண்டுதோறும் கூட்டம் சேர்ந்தது. வைசிராய் கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் வழி திறந்தது. 1912ஐ ஒட்டி இந்திய வரலாறு, தொல்லியல், ஒப்பியல் மொழிநூல், இந்தியப் பொருளாதாரம் ஆகிய துறைகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. 1915இல் இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்தார். ஆசிரியர், நூலகம், உதவித்தொகை என்று தேர்வுக் கூடத்துக்குத் தேவைப்படாத செலவினங்கள் கணக்கில் ஏறின.

அவற்றில் மிகவும் புகழ்பெற்றது 1913இன் ஒரு சின்னச் செலவு. பல்கலைக்கழகத்தின் எஃப்.ஏ. (கல்லூரி இடைநிலை) தேர்வில் தேறாத, சென்னைத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கிடைத்தது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் செல்ல ஆண்டுக்கு 250 பவுன் ஒதுக்கப்பட்டது. தேர்வுக் கட்டணத்தில் வளர்ந்த நிறுவனம், தேர்வில் தோற்றவருக்குப் பணம் தந்தது.

இதே காலத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி இன்னும் துணிந்து இறங்கினார். தேர்வுக் கட்டண வரவையும் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் ஆகியோரின் கொடையையும் கொண்டு பெரிய முதுகலைத் துறைகளை எழுப்பினார். பற்றாக்குறை வந்தபோது 1922இல் வங்காள அரசு நிபந்தனைகளோடு நீட்டிய இரண்டரை லட்சம் ரூபாயை அவர் ஏற்க மறுத்தார். மானியம் வாங்கினால் கட்டுப்பாடும் கூடவே வரும் என்ற வாதம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அப்போதே தொடங்கிவிட்டது.

தனியார் கொடைக்கும் ஒரு பலவீனம் உண்டு. அழகப்பச் செட்டியார் தம் பணத்தில் சென்னையில் இராமானுஜன் கணித நிறுவனத்தை நிறுவினார். 1957இல் அவர் மறைந்ததும் நிறுவனம் பணமில்லாமல் தத்தளித்தது. வானியல் அறிஞர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் முறையிட்ட பிறகு, பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. 1967இல் அது கணிதத் துறையோடு இணைந்தது. கொடையாளரின் ஆயுளோடு முடிந்திருக்கக்கூடிய ஒரு செலவு, பல்கலைக்கழகத்தின் நிரந்தரச் செலவாயிற்று.

விடுதலைக்குப் பின் 1953இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைந்தது. 1956இன் சட்டம் அதற்கு உறுதி தந்தது. ஆனால் அந்தப் பணம் வந்த விதம் மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் புதிய கவலையைத் தந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தில் புதிய துறைக்கோ பேராசிரியர் பதவிக்கோ மானியக் குழு நிதி தந்தது. திட்டக் காலம் முடிந்ததும் அந்தச் சம்பளத்தை மாநில அரசு சுமக்கவேண்டியிருந்தது. மாநில அரசு கொடுப்பதோ மொத்தமாக ஒரு தொகை, அதாவது பிளாக் கிராண்ட். ஊதியக் குழு சம்பளத்தை உயர்த்தும் வேகத்தில் அந்தத் தொகை உயராவிட்டால், மீதியைப் பல்கலைக்கழகம் தன் வரவிலிருந்துதான் ஈடுகட்டவேண்டும்.

அந்த வரவும் ஒவ்வொரு கிளையாக முறிந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்த எல்லையிலிருந்து 1916இல் மைசூர், 1926இல் ஆந்திரா, 1937இல் திருவிதாங்கூர் பிரிந்தன. 1966இல் மதுரை விலகியது. 1978இல் பொறியியலுக்கு அண்ணா பல்கலைக்கழகம் வந்தது. 1982இல் திருச்சிக்கும் கோவைக்கும் தனிப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. பிறகு மருத்துவமும் சட்டமும் தனித்தனியே போயின. 2002இல் வேலூர் வட்டாரம் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. கல்வி பரவ இவை தேவையாக இருந்தன. ஆனால் ஒவ்வொரு பிரிவினையிலும் கல்லூரிகளின் இணைப்புக் கட்டணமும் மாணவர்களின் தேர்வுக் கட்டணமும் கூடவே கிளம்பின. ஆய்வுத் துறைகளும் ஓய்வூதியமும் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்திலேயே தங்கின.

1978இல் இன்னும் இரண்டு மாற்றங்கள் வந்தன. பிளஸ் டூ அறிமுகமானதால் பல்கலைக்கழகம் நடத்திவந்த பி.யு.சி. என்னும் புகுமுக வகுப்புத் தேர்வு மறைந்தது. லயோலா, சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றுத் தேர்வைத் தாமே நடத்தத் தொடங்கின. தரமான கல்லூரி தன்னாட்சி பெறுவது கல்விக்கு லாபம். பல்கலைக்கழகக் கணக்கில் அது வரவுக் குறைவு.

மாற்று வழி தபாலில் வந்தது. 1962இல் டெல்லி தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வியை 1971இல் மதுரையும் 1979இல் அண்ணாமலையும் 1981இல் சென்னையும் கையில் எடுத்தன. வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள், இடையில் படிப்பை விட்ட பெண்கள், சிற்றூர் ஆசிரியர்கள் என்று பல்லாயிரம் பேருக்கு அது கதவைத் திறந்தது. வளாகத்தில் படிப்பவருக்குக் கட்டணம் ஏற்றுவது அரசியல் சங்கடம். ஆனால் மானியக் குழு அமைத்த நீதிபதி புன்னையா குழு 1993இல், தொடர் செலவில் 15 விழுக்காட்டைப் பல்கலைக்கழகங்கள் தாமே திரட்டி, பத்தாண்டுகளில் 25 விழுக்காடாக உயர்த்தவேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் அத்தகைய சொந்த வரவில் ஒரு பகுதி தொலைநிலை மாணவரின் கட்டணத்திலிருந்து வந்தது. வகுப்பறையைப் பார்க்காத மாணவர், பத்துப் பேர் படிக்கும் ஆய்வுத் துறையைத் தாங்கினார்: 1858இன் ஏற்பாடு வேறு உருவில் திரும்பியது. 2013இல் மானியக் குழு, மாநிலப் பல்கலைக்கழகங்கள் தங்கள் எல்லைக்குள்ளேயே தொலைநிலைக் கல்வி நடத்தவேண்டும் என்றதும் இந்த வரவும் ஒடுங்கியது.

அதே 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஓர் எச்சரிக்கையாக நின்றது. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் எழுந்த அந்நிறுவனம், தேவைக்கு மிஞ்சிய ஊழியர்களின் சம்பளச் சுமையில் திணறியபோது தமிழ்நாடு அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்தது. மிகையான ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றப்பட்டனர்.

சென்னைக்குச் சோதனை வரித்துறையிடமிருந்து வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனால் ஆண்டு வரவில் பாதிக்கு மேல் அரசு மானியமாக இருக்கவேண்டும் என்கிறது விதி. மாநில அரசின் பங்கு அந்த அளவை எட்டவில்லை என்று வருமான வரித்துறை கணித்தது. 424 கோடி ரூபாய் கேட்டு 2024 பிப்ரவரியில் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கியது. சம்பளமும் ஓய்வூதியமும் கேள்விக்குறியாயின. கணக்கை அரசின் தணிக்கைக்கு வைக்கும் நிறுவனம், வரிச் சட்டத்தின் கண்ணில் அரசு நிறுவனமாகத் தெரியவில்லை.