போர்க்காயப் பதக்கமும் அதன் தகுதி அளவுகோலும்

போர்க்காயப் பதக்கம் என்பது எதிரியின் செயலால் காயமடைந்த படைவீரருக்கு அரசு வழங்கும் அடையாளம். வீரப் பதக்கம் ஒருவர் செய்த செயலுக்காகத் தரப்படுகிறது. போர்க்காயப் பதக்கம் ஒருவருக்கு நேர்ந்ததற்காகத் தரப்படுகிறது. இந்தியாவில் இது பராக்கிரம் பதக் என்றும், அமெரிக்காவில் பர்ப்பிள் ஹார்ட் என்றும் அழைக்கப்படுகிறது. எந்தக் காயம் தகுதியானது, சிறு காயத்துக்கும் பதக்கம் உண்டா, கண்ணுக்குத் தெரியாத காயத்தை எப்படி அளப்பது என்ற கேள்விகள் இப்பதக்கங்களைத் தொடர்ந்து வருகின்றன. பதக்கத்தின் தரம் தாழ்ந்துவிட்டது என்ற குற்றச்சாட்டு அவற்றுள் முதன்மையானது. ஒவ்வொரு காலமும் காயத்தை எதைக்கொண்டு அளந்தது என்று பார்த்தால் இந்தக் குற்றச்சாட்டின் வலுவும் வரம்பும் விளங்கும்.

விழுப்புண்ணும் புறப்புண்ணும்

தமிழில் போர்க்காயத்துக்குச் சங்க காலத்திலேயே தகுதி அளவுகோல் இருந்தது. மார்பிலும் முகத்திலும் பட்ட காயம் விழுப்புண் எனப்பட்டது. முதுகில் பட்டது புறப்புண். முன்னது பெருமை, பின்னது இழிவு. காயத்தின் ஆழமோ வலியோ கணக்கில் வரவில்லை. வீரன் எந்தப் பக்கம் திரும்பி நின்றான் என்பதே கேள்வி. விழுப்புண் படாத நாட்களை வீரன் வீணான நாட்களாக எண்ணுவான் என்று திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் (குறள் 776) சொல்கிறது. மகன் புறமுதுகிட்டான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதிய தாய் ஒருத்தி வாளோடு களத்துக்குச் சென்று அவன் உடலைத் தேடியதைக் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் புறநானூற்றுப் பாடல் (278) கூறுகிறது. அவள் தேடிச் சென்றது சாட்சி. ஊர்ப் பேச்சை உடலில் இருந்த காயம் பொய்யாக்கியது.

இந்த அளவுகோலின் சிக்கலைக் காட்டும் நிகழ்வு வெண்ணிப் போர். இக்களம் இன்றைய திருவாரூர் மாவட்டம் நீடாமங்கலத்துக்கு அருகிலுள்ள கோவில்வெண்ணி என்று கருதப்படுகிறது. கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகில் புண்பட்டதற்கு நாணி, வடக்கிருந்து உயிர்விட்டான். கழாத்தலையார் (புறம் 65), வெண்ணிக் குயத்தியார் (புறம் 66), மாமூலனார் (அகம் 55) ஆகியோர் இதைப் பாடியுள்ளனர். மார்பில் பாய்ந்த வேல் முதுகைத் துளைத்து வெளிவந்ததால் உண்டான புண் இது என்று உரை மரபில் விளக்கம் கூறப்படுகிறது. அவ்விளக்கத்தின்படி அவன் புறமுதுகிடவில்லை. ஆனால் முதுகில் வடு இருந்தது. விதியின் சொல் ஒன்றைச் சொல்ல, நடந்தது வேறொன்றாக இருந்தது. வென்ற கரிகாலனை நோக்கிப் பாடிய வெண்ணிக் குயத்தியார், தோற்ற சேரனே உயர்ந்தவன் என்ற பொருள்படப் பாடினார். தகுதி விதிக்கு எதிரான முதல் மேல்முறையீடுகளில் ஒன்றாக அப்பாடலைக் கொள்ளலாம்.

நடுகல் மரபிலும் இத்தகைய விரிவு காணப்படுகிறது. தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் அமைக்கும் ஆறு படிகளைக் கூறுகிறது. ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தவர்களுக்கே பழைய நடுகற்கள் பல எழுந்தன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகற்களில் ஒன்று ஆகோள் பூசலில் இறந்தவனுடையது. பின்னர் புலியோடு போரிட்டு இறந்தவர்களுக்கும் கல் நடப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் கள்வரைக் கடித்துப் போரிட்ட கோவிவன் என்ற நாய்க்கும் சிறப்புச் செய்கிறது. இதை நடுகல்லின் தரம் தாழ்ந்ததன் அடையாளமாக இன்று எவரும் கருதுவதில்லை.

உறுப்புக்கு விலை

ஐரோப்பிய வணிகக் கம்பெனிகளின் வருகையோடு வேறோர் அளவுகோல் கடற்கரைக்கு வந்தது. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, தன் பணியாளர்களுக்கான ஒப்பந்த விதிகளில் கை, கால், கண் இழப்புக்கு ஈட்டுத்தொகை வைத்திருந்தது. இங்கே திசை பொருட்டல்ல. எந்த உறுப்பு போனது என்பதே கணக்கு. மானத்தை அளந்த கோல் மாறி, இழப்பை அளக்கும் கோல் வந்தது. இன்றைய பதக்க விதிகளும் ஓய்வூதிய விதிகளும் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவை.

முதல் உலகப் போர்: ஐயத்துக்குள்ளான காயங்கள்

1914இன் இறுதியில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படையினரிடையே கையில் காயம்பட்டோர் மிகுதியாக இருந்தனர். களத்திலிருந்து தப்பத் தாங்களே சுட்டுக்கொண்டனர் என்ற ஐயம் அதிகாரிகளிடையே எழுந்தது. பிரைட்டன் நகரிலிருந்த கிச்சனர் இந்திய மருத்துவமனையின் பொறுப்பாளர் புரூஸ் சீட்டன் 1915இல் 1,000 காயங்களை ஆராய்ந்து, அந்த ஐயத்துக்கு ஆதாரமில்லை என்று அறிக்கை அளித்தார். பின்வந்த வரலாற்றாளர்கள் இம்முடிவில் வேறுபடுகின்றனர். எனினும் காயத்தின் இடத்தைக் கொண்டு வீரனின் மானத்தைக் கணித்த பழைய முறை, துப்பாக்கிக் காலத்திலும் தொடர்ந்ததை இது காட்டுகிறது.

பிரிட்டன் 1916இல் காயமடைந்தோர் சட்டைக் கையில் அணியும் பித்தளைக் காயக்கோட்டை அறிமுகப்படுத்தியது. ஜெர்மனி 1918 மார்ச்சில் காயச் சின்னத்தை ஏற்படுத்தி, காயங்களை எண்ணித் தரம் பிரித்தது. ஒன்று அல்லது இரண்டு காயத்துக்குக் கறுப்பு, மூன்று அல்லது நான்குக்கு வெள்ளி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பொன்.

குண்டு அதிர்ச்சி எனப்பட்ட நோய் இந்த முறைகளைத் தடுமாற வைத்தது. பிரிட்டிஷ் படை அதை இரண்டாகப் பிரித்தது. எதிரியின் குண்டு வெடித்ததன் நேர் விளைவு என்று பதிவானால் அது காயம், காயக்கோடு உண்டு. அவ்வாறு பதிவாகாவிட்டால் அது வெறும் நோய். ஒரே நடுக்கம், ஒரே தூக்கமின்மை, ஒரு படிவத்தின் ஓர் எழுத்தால் மானமாகவோ இழுக்காகவோ ஆனது.

பர்ப்பிள் ஹார்ட்

தரம் தாழ்ந்தது என்ற விவாதம் வெளிப்படையாக நடப்பது அமெரிக்காவில். இப்பதக்கத்தின் மூலம் ஜார்ஜ் வாஷிங்டன் 1782இல் ஏற்படுத்திய படைத்தகுதிச் சின்னம். அது காயத்துக்கானது அல்ல. 1932இல் பர்ப்பிள் ஹார்ட் என்று புதுப்பிக்கப்பட்டபோதும் சிறந்த பணிக்காகவும் காயத்துக்காகவும் வழங்கப்பட்டது. 1942க்குப் பிறகே அது காயத்துக்கும் களச்சாவுக்கும் மட்டும் உரியதாயிற்று. ஆகவே தொடக்கத்தில் கடுமையான விதி இருந்து பின்னர் தளர்ந்தது என்ற எண்ணம் வரலாற்றோடு முழுமையாகப் பொருந்தவில்லை.

அதன்பின் வரம்பு இரு திசைகளிலும் நகர்ந்தது. 1962இல் பொதுமக்களுக்கும், 1980களில் பயங்கரவாதத் தாக்குதலில் காயமடைந்த படையினருக்கும், சண்டையின் நடுவே தம் படையின் குண்டால் தவறுதலாகக் காயமடைந்தோருக்கும் விரிந்தது. 1990களின் இறுதியில் பொதுமக்கள் நீக்கப்பட்டனர். பனிக்கடியும் பதுங்குகுழிப் பாதநோயும் தகுதி பெறாதவை என்று விதிகள் சொல்கின்றன. போருக்குப் பிந்தைய மன அழுத்த நோய்க்குப் பதக்கம் இல்லை என்று 2009இல் பாதுகாப்புத் துறை முடிவு செய்தது. 2011இல் மூளை அதிர்ச்சிக்கான விதி தெளிவாக்கப்பட்டது. அதன்படி நினைவிழப்பு ஏற்பட்டிருக்க வேண்டியதில்லை. மருத்துவச் சிகிச்சை தேவைப்பட்டிருந்தால் போதும்.

சிறு காயங்கள் பற்றிய சர்ச்சை 2004 அதிபர் தேர்தலில் வெடித்தது. வியட்நாமில் மூன்று பர்ப்பிள் ஹார்ட் பெற்ற ஜான் கெர்ரியின் காயங்கள் அற்பமானவை என்று எதிர்த்தரப்பினர் ஏளனம் செய்தனர். 2020 ஜனவரி 8 அன்று ஈராக்கின் அல் அசாத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியபோது நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு மூளை அதிர்ச்சிக் காயம் கண்டறியப்பட்டது. முதலில் 29 பேருக்கும், பின்னர் 2021இல் மேலும் 39 பேருக்கும் பதக்கம் அறிவிக்கப்பட்டது. இங்கே எழுந்த புகார் தாராளத்தைப் பற்றியதல்ல, தாமதத்தைப் பற்றியது.

இந்தியாவில்: பதக்கமும் ஓய்வூதியமும்

இந்தியப் போர்க்காயப் பதக்கம் 1970களின் தொடக்கத்தில் ஏற்படுத்தப்பட்டது. எந்த வகைப் படை நடவடிக்கையிலும், கிளர்ச்சி எதிர்ப்பு நடவடிக்கையிலும், எதிரியின் நேரடிச் செயலால் காயமடைந்தோருக்கு இது உரியது. எந்த வகை நடவடிக்கையும் என்ற சொல் முக்கியமானது. 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதி காக்கும் படையோ, காஷ்மீரிலும் வடகிழக்கிலும் பணியாற்றுவோரோ அறிவிக்கப்பட்ட போரில் இருப்பவர்கள் அல்லர். விதியின் விரிந்த சொல் அவர்களையும் உள்ளடக்குகிறது.

இந்தியாவில் உண்மையான சச்சரவு பதக்கத்தைவிட ஓய்வூதியத்தைப் பற்றியே நிகழ்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 ஆணை, சாவையும் ஊனத்தையும் ஐந்து வகைகளாகப் பிரித்தது. இயல்பான நோய் முதல் வகை. எதிரியோடு மோதல், எல்லைச் சண்டை, தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கை, கண்ணிவெடி பதித்தலும் அகற்றலும் போன்றவை கடைசி வகை. அந்த வகைக்கே போர்க்காய ஓய்வூதியம் உண்டு. அது சாதாரண ஊன ஓய்வூதியத்தைவிடக் கூடுதல். நம் படை பதித்த கண்ணிவெடி தவறி வெடித்து ஒருவர் காலை இழந்தாலும் இந்த வகையில் வரலாம். பதக்க விதியோ எதிரியின் நேரடிச் செயலைக் கேட்கிறது. ஒரே படைக்குள் காயத்துக்கு இரண்டு அளவுகோல்கள் உள்ளன.

தாராளம் மிகுந்துவிட்டது என்ற குறையும் எழுந்துள்ளது. ஊன ஓய்வூதியத்தோடு பணி ஓய்வு பெறுவோரில் வீரர்களைவிட அதிகாரிகளின் விகிதம் கூடுதல் என்று 2023இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் 2008ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாகப் புதிய தகுதி விதிகள் வந்தன. வாழ்க்கைமுறை நோய்களைக் காட்டி ஊனம் கோருவதைத் தடுப்பதே நோக்கம் என்று படைத்தலைமை விளக்கியது. உண்மையாக நோயுற்றவர்களை இவ்விதிகள் தண்டிக்கும் என்று முன்னாள் படைவீரர்கள் எதிர்த்தனர்.

மறுபுறம், 2013 ஜனவரியில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடும் குளிரில் ரோந்து சென்ற வீரர் ஒருவர் மாரடைப்பால் இறந்தார். முதலில் போர்ச்சாவு என்று பதிவான அது, பின்னர் உடல்நலச் சாவு என்று மாற்றப்பட்டது. அவர் மனைவி கூடுதல் குடும்ப ஓய்வூதியம் கோரினார். படைத் தீர்ப்பாயம் அதை ஏற்றும், அரசு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளி, அந்தப் பெண்ணுக்கு 50,000 ரூபாய் வழக்குச் செலவும் தர ஆணையிட்டது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் அவர் காத்திருந்தது, படிவத்தில் ஒரு சொல் மாறியதால்.

மதிப்பீடு

தரம் தாழ்ந்தது என்போரின் வாதத்தில் உண்மை உண்டு. பதக்கமோ ஓய்வூதியமோ எளிதாகக் கிடைத்தால், கால் இழந்தவரின் பதக்கமும் கீறல் பட்டவரின் பதக்கமும் ஒன்றாகிவிடும். ஆனால் இப்பதக்கங்கள் காயத்தின் அளவை அளக்க ஏற்பட்டவை அல்ல. காயத்தின் காரணத்தை அளப்பவை. ஆயுதம் மாறினால் காயம் மாறும். வேல் முதுகில் வடு விட்டது. பீரங்கி நரம்பைக் குலைத்தது. ஏவுகணையின் அதிர்வு தோலில் தடமே இல்லாமல் மூளையைத் தாக்குகிறது. விதி இவற்றைப் பின்தொடர்ந்து விரிவதைத் தரவீழ்ச்சி என்று சொல்வது பொருந்தாது.

தரம் உண்மையில் நழுவும் இடம் சான்றளிக்கும் கை. 2003இல் அசாமில் ஓர் உயர் அதிகாரி, பிடிபட்டவர்கள் மேல் தக்காளிச் சாறு ஊற்றிப் படமெடுத்து, கொல்லப்பட்ட தீவிரவாதிகளாகக் கணக்குக் காட்டினார். அவர் படை நீதிமன்ற விசாரணைக்குப் பின் பதவி நீக்கப்பட்டார். அவர் நாடியது காயப் பதக்கத்தை அல்ல, வீரப் பெயரை. விதி கடுமையாகவே இருந்தது. அறிக்கை எழுதியவர் பொய் எழுதினார். எல்லைக் கோட்டில் இறந்த வீரரின் வழக்கில் அதன் மறுபக்கம் தெரிகிறது. அங்கே பொய் இல்லை, ஆனால் உண்மையைப் பதிந்த சொல்லைப் பின்னர் மாற்ற முடிந்தது. களத்தில் உடனே எழுதப்படும் மருத்துவக் குறிப்பும், அதைக் காரணமின்றி மாற்ற முடியாத ஏற்பாடும் இருந்தால் இவ்விரு தவறுகளும் குறையும். விதியை இறுக்குவதால் மட்டும் அவை குறைவதில்லை.