உரிமைக்கும் ஒரு கெடு உண்டு

உரிமை என்பது பெட்டியில் பூட்டிவைத்த பொருளென்றும், வேண்டும்போது திறந்தெடுத்துக் கொள்ளலாமென்றும் நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு எண்ணுவதில்லை. ஓர் உரிமை எந்நாளிற் பிறக்கிறது, எந்நாளில் முடிகிறது, எவரிடம் சென்று கேட்கவேண்டும் என்பவற்றை அது வரையறுத்தே வைத்திருக்கிறது. கெடுநாள் கடந்தபின் கையில் எஞ்சுவது உரிமையன்று, அதன் நினைவேயாகும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் மக்கள் இழந்தவற்றுள் பல, சட்டம் கொடுக்க மறுத்தவை அல்ல. கெடு தெரியாமையாற் போனவை.

ரப்பர்க் கம்பெனியின் பங்குதாரரை நோக்குங்கள். கம்பெனி புதுப் பங்கு வெளியிடும்போது, குறித்த விலையில் அதனை வாங்கும் முன்னுரிமை பழைய பங்குதாரருக்கு உண்டு. அவ்வுரிமைக்கும் கெடு உண்டு. ஆயின், அக்கெடுவை அறிவிக்கும் கடிதம் அவர் வீட்டு வாயிலுக்கே வந்து சேர்கிறது. 1910ஆம் ஆண்டு ரப்பர் விலை ஏறி, லண்டன் சந்தையில் தோட்டக் கம்பெனிப் பங்குகள் கொள்ளை விலை போயின. அக்காலத்தில் லிங்கியிலும் லாபுவிலும் பால்மரம் சீவியவனுக்கும் சட்டம் சில உரிமைகளை வழங்கத் தொடங்கியது. கடிதம் மட்டும் அவனுக்கு வரவில்லை.

அதே 1910இல் சஞ்சிக்கூலி முறைக்கு முடிவு கட்டப்பட்டது; எஞ்சிய ஒப்பந்தங்களும் 1913க்குள் தீர்ந்தன. அதன்பின், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துத் தொழிலாளி விலகலாம் என்பது விதி. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் இன்னும் ஒருபடி சென்றது. உடல்நலக் கேடு, சக்திக்கு ஒவ்வாத வேலை, முதலாளியின் அநீதி முதலிய தக்க காரணம் காட்டினால், வந்து சேர்ந்த ஓராண்டுக்குள் இந்தியக் குடியேற்ற நிதியின் செலவில் ஊர் திரும்பலாம் என்றது.

இவ்வோராண்டு எத்தகையது? கப்பலிலிருந்து இறங்கியவன் மழையும் காடும் பழகி, மலேரியாவில் விழுந்தெழுந்து, கத்தி பிடிக்கக் கற்பதற்குள் கழிந்துபோகும் காலம். மனுவைத் தொழிற் கண்ட்ரோலரிடம் கொடுக்கவேண்டும். இந்திய அரசாங்கத்தின் ஏஜெண்டோ 1925 முதல் கோலாலம்பூரில் இருந்தார். லயத்தின் பக்கத்தில் இருந்தவர் கங்காணி. ஆளைக் கொண்டுவந்தவரும் அவர். தலைக்காசு பெற்றவரும் அவர். பல வேளைகளிற் கடன் கொடுத்தவரும் அவர். ஆள் போனால் வருமானம் போகும் ஒருவர், ஆள் போகும் வழியைச் சொல்லித் தருவாரோ?

பின்னர், 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. நெடுங்காலம் இங்கு வாழ்ந்தவர் பதிவு செய்துகொண்டு பிரஜையாகலாம் என அரசியல் சட்டம் வழி திறந்தது. குடியிருந்த காலம், நன்னடத்தை, மலாய்மொழி அறிவு ஆகியன நிபந்தனைகள். முதல் ஓராண்டுக்குள் மனுச்செய்தவர் பலருக்கு மொழித் தேர்வு விலக்கப்பட்டது. விடுதலை நாள் முதல் 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணிற் பிறந்த குழந்தை, பிறப்பினாலேயே பிரஜையாயிற்று. அதன்பின் பெற்றோரின் நிலையும் கேட்கப்பட்டது.

மனுச்செய்தோர் பலர், செய்யாதோரும் பலர். "எந்தப் பத்திரம் இல்லாவிட்டாலும் மரம் பால் தரும்" என்றிருந்தவர்களுக்கு விரைவிலேயே பதில் கிடைத்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிரஜையல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டியதாயிற்று. ஆயுளெல்லாம் இங்கு உழைத்தவர் பதினாயிரக்கணக்கில் கப்பலேறினர். தங்கியவர் சிலரின் மக்கள், பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அலைந்தனர். தந்தை தவறவிட்ட ஒரு நாள், பேரன் தலையிலும் விழுந்தது.

கெடுவை அறிந்து நடந்தால் யாது நேரும் என்பதற்கும் சான்று உண்டு. 1950களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் துண்டு போட்டு விற்றனர். தொழிலாளர் தெருவில் நின்றனர். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். 100 வெள்ளிப் பங்கு. மாதம் 10 வெள்ளி தவணை. 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. லண்டன் பங்குதாரருக்கு வீடு தேடி வந்த அழைப்பு, முதன்முறையாக லயத்துக்கும் வந்தது. வந்தபோது, நாட்கூலியில் வாழ்ந்தவனும் பணம் கட்டினான். நம்மவருக்குப் பொறுப்பில்லை என்போர் இதனைச் சிந்திப்பாராக.

இன்று நீலாய், செரம்பான் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. கெடுக்கள் மட்டும் மறையவில்லை. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆட்குறைப்புக்கு ஆளானவர் 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் வேலை செய்திருப்பின், ஆண்டொன்றுக்கு 20 நாட் சம்பளம் உரியது. நியாயமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும். கோயிற் கூட்டத்திற் பேசி, தலைவர் வரக் காத்திருந்து, 61ஆம் நாள் செல்பவருக்குக் கதவு திறவாது.

திருவிழா நாளும் நல்ல நேரமும் பார்க்கப் பஞ்சாங்கம் இல்லாத வீடு நம்மிடை அரிது. சட்டம் குறித்த நாளைப் பார்க்கும் பழக்கமோ அதனினும் அரிது. ஆலயங்களிலும் சங்கங்களிலும் பள்ளிகளிலும் அந்நாட்களைத் தமிழில் எழுதித் தொங்கவிடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. படித்தவர் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டட்டும். வீடு தேடி வராத அக்கடிதத்தை, இனியேனும் நாமே எழுதிக் கொண்டுபோய்ச் சேர்ப்போமாக.